எல்லா மொழிக்கும் கைதட்டிய நாள்

எங்கள் பள்ளியில் ஒருமுறை 'நாம் எல்லோரும் ஒன்று' என்று விழா எடுத்தார்கள். பெண்கள் மட்டும் படித்த நடுநிலைப் பள்ளி அது. திருவொற்றியூர்க் கடலோரக் குப்பத்துப் பிள்ளைகள் நாங்கள், தண்டையார்பேட்டையிலிருந்து வரும் பாய் வீட்டுப் பெண்கள், தெலுங்கு பேசுகிறவர்கள், மணலி கம்பெனிகளுக்குக் கூலி வேலைக்கு வந்த வடக்கத்தியரின் பிள்ளைகள் என்று ஊரில் இருக்கிற எல்லாரும் அங்கே இருந்தோம்.

ரிங்கி பீகாரிலிருந்து ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்தவள். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. புதிதாக வருகிறவளுக்குப் பழைய மாணவி ஒருத்தி துணை என்று தலைமையாசிரியை ஏற்பாடு செய்திருந்தார். நல்ல ஏற்பாடுதான். ரிங்கி எனக்கு வாய்த்தாள். அவளுடைய அப்பாவுக்கு ஷிப்ட் முடிய இருட்டிவிடும் என்பதால், பள்ளி விட்டதும் எங்கள் வீட்டுக்கே வந்துவிடுவாள். நான் பாடப்புத்தகத்தைத் திறப்பதற்குள் அம்மாவிடம் போய் ஒட்டிக்கொள்வாள். அம்மா காலடிப்பேட்டையில் மீன் விற்பவள்; வாய் ஓயாது. பொங்கல் வருவதற்குள் ரிங்கி தமிழில் சண்டையே போட ஆரம்பித்துவிட்டாள்.

விழாவில் மொழிக்கு ஒருத்தியாக வரவேற்பு சொல்ல வேண்டும். கடைசியில் ரிங்கி தமிழில் சொல்வாள், அவளைத் தமிழ் பேச வைத்ததற்காக அம்மாவுக்கு மேடையில் சால்வை போர்த்துவோம் என்று தலைமையாசிரியை சொல்லி அனுப்பினார். அம்மா கல்யாணப் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். இன்றைக்குக் கடை இல்லை என்று மார்க்கெட் முழுக்கச் சொல்லி, ஏன் என்று கேட்காதவர்களிடமும் காரணத்தைச் சொல்லியிருந்தாள். முன்வரிசையில் உட்கார்ந்து, மேடை ஓரத்தில் தட்டில் வைத்திருந்த சால்வையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெலுங்குக்குக் கைதட்டினார்கள். உருதுவுக்கும் மலையாளத்துக்கும் இந்திக்கும் கைதட்டினார்கள். ரிங்கி மைக் முன்னால் வந்து நின்றாள். டீச்சர் எழுதிக் கொடுத்து, நான் உருப்போட வைத்த 'ஆன்றோர்களே, சான்றோர்களே' எல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, தாமதமாக வந்த கல்வி அதிகாரி உட்கார இடம் தெரியாமல் மேடையில் நின்றார். ரிங்கியின் முகம் தெளிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தவரை எப்படி வரவேற்பது என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

"வா நைனா. இன்னாத்துக்கு நின்னுகினே கீற? குந்து. எதுனா துன்னியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வாசலில் யார் வந்து நின்றாலும் அம்மா கேட்பது இதுதான். அதே இழுப்பு, அதே உரிமை. குப்பத்துத் தாய்மார்கள் விழுந்து விழுந்து சிரித்துக் கைதட்டினார்கள், அதிலும் அம்மாவின் தட்டல்தான் பலமாகக் கேட்டது. மேடையில் இருந்தவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. தலைமையாசிரியை ஓடி வந்து மைக்கைப் பிடுங்கினார்.

"மன்னிக்கணும் சார். குழந்தை பீகார், தமிழ் தெரியாது. இந்தக் கலீஜ் பேச்சை எங்கேருந்து பொறுக்கிட்டு வந்துச்சோ."

கலீஜ் என்ற சொல்லை மட்டும் அவரும் எங்களிடமிருந்துதான் எடுத்திருக்க வேண்டும். சிரிப்பு அப்படியே நின்றது. அம்மா தட்டப்போன கையை மெல்ல மடியில் வைத்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று நான் கடைசிவரை காத்திருந்தேன். சால்வையை அந்த அதிகாரிக்கே போர்த்திவிட்டார்கள்.

திரும்பி வரும் வழியெல்லாம் ரிங்கி அழுதுகொண்டே வந்தாள். தப்பாகச் சொல்லிவிட்டேனா அத்தே என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அம்மா அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"இல்ல கண்ணு. கரீட்டாதான் சொன்ன."

எனக்கு அதிகாரியின் மேல்தான் ஆத்திரம். அம்மாவின் சால்வையை அவர் எப்படி வாங்கிக்கொள்ளலாம் என்று பொருமிக்கொண்டே படுத்தேன்.

அதற்குப் பிறகு பெற்றோர் கூட்டம் என்றால் அம்மா சித்தப்பாவை அனுப்பிவிடுவாள். எட்டாம் வகுப்பு முடிந்து நான் வேறு பள்ளிக்குப் போகும்போதுதான், வேறு வழியில்லாமல் அவளே வந்தாள். டீச்சர் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள். பாவம், காலையிலிருந்து கூவிக் கூவித் தொண்டை கட்டிக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்து, வீட்டுக்கு வந்ததும் நான் வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாங்கிக் குடித்தாள்.