அம்றாவின் முன்பல்

ஜுனைதா டீச்சருக்குப் பாம்பென்றால் பயமில்லை, பேயென்றால் சிரிப்பாள். தன் மகள் அம்றாவின் வாய்க்குள் பார்க்கத்தான் அவளுக்குப் பயம். ஏழு வயது அம்றாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்து, புதுப்பல் இன்றைக்கோ நாளைக்கோ என்றிருந்தது. பிள்ளையோ அந்த ஓட்டையைக் கலேவெல ஊர் முழுக்கக் காட்டித் திரிந்தாள்.

பயத்தின் காரணம் வீட்டுக்குள்ளேயே நடமாடியது. கணவர் லாபிர் அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரிலேயே வளர்ந்தவர். தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றும் வியாபாரி, ஓயாமல் பகிடி விடுகிற மனிதர். ஆனால் சிரிப்பு வந்தால் அவருடைய கை தானாக வாயைப் பொத்திக்கொள்ளும். உள்ளே பற்களெல்லாம் பழுப்புக் கோடு விழுந்து, துருப்பிடித்த தகரம் மாதிரி இருக்கும். கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் புளோரைட்டு பார்த்த வேலை அது.

ஜுனைதா உக்குவளைக்காரி. கலியாணம் முடித்து இங்கே வந்தபோது அவளுடைய உம்மா சொல்லியனுப்பினார்: "மகள், அந்தப் பக்கத்துத் தண்ணி சரியில்ல. நல்லாக் காச்சிக் குடிங்க." ஜுனைதா காய்ச்சினாள். கொதி வந்ததும் இறக்குகிற ஆளில்லை அவள். பானை பாதியாக வற்றினால்தான் மனம் ஆறும். அம்றாவுக்குப் பால்மா கரைத்தது அந்தத் தண்ணீரில்தான். இப்போது கைக்குழந்தை ஸப்ரிக்கும் அதேதான். பக்கத்து வீட்டார் பில்டர் தண்ணீர் வாங்கியபோது, வீண் பகட்டு என்று உதட்டைச் சுழித்தாள். இரசாயனவியல் பட்டமெல்லாம் பள்ளிக்கூட வாசலோடு சரி. குசினிக்குள் உம்மாவின் சொல்தான் சட்டம்.

அன்று உயர்தர வகுப்பில் அணுக்களின் பருமன் பற்றிய பாடம்.

"ஆவர்த்தன அட்டவணையில இடமிருந்து வலமா போகப் போகக் கரு இலத்திரன்கள இறுக்கிப் பிடிக்கும், அணு சின்னதாகும். மேலருந்து கீழ போனா இலத்திரன் ஓடு கூடும், அணு பெருசாகும்," என்றாள் ஜுனைதா. "புளோரீன் அந்த வரிசையில சின்ன ஆள். ஆனா ஒரு இலத்திரன வாங்கி அயனாகிட்டா ஊதிப் பெருத்துடுவார். அந்தப் பருமன் ஐதரொட்சைட்டு அயன்ட பருமனுக்குக் கிட்டத்தட்ட சமன். அதுதான் பல்லுக்குள்ள ஐதரொட்சைட்டு ஈக்கிற இடத்துல இவர் லேசா நுழைஞ்சு குந்திக்கிறார். குளோரைட்டு இன்னும் பெருசு. அதுக்கு அந்த இடம் பத்தாது."

முன்வரிசையில் இருந்த ஆதிபா எழுந்தாள். "டீச்சர், அப்ப கிணத்துத் தண்ணியக் காச்சினா அந்தப் புளோரைட்டு போயிடுமா?"

"எப்படிப் போகும்? ஆவியாகிறது தண்ணி மட்டுந்தானே. அது பானையிலேயே நிக்கும். தண்ணி வத்த வத்தச் செறிவு கூடும்."

சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பதில் அவள் காதிலேயே விழுந்தது. மிச்சப் பாடத்தில் என்ன பேசினாள் என்று அவளுக்கே தெரியாது.

பஸ்ஸில் இன்னொன்று நினைவுக்கு வந்தது. புது முன்பல் ஈறுக்குள் உருவாவதெல்லாம் நாலைந்து வயதுக்குள் முடிந்துவிடும். இனி அம்றாவுக்கு எந்தத் தண்ணீரைக் கொடுத்தும் அந்தப் பல் மாறப்போவதில்லை. அது வெளியே வருவது மட்டுந்தான் பாக்கி. யா அல்லாஹ், என் கையாலேயே ஊட்டிவிட்டேனே என்று முந்தானைக்குள் அழுதாள்.

வீட்டில் லாபிர் ஸப்ரியை மடியில் வைத்துப் பால் போத்தலைச் சரித்துக்கொண்டிருந்தார். ஜுனைதா பாய்ந்து அதைப் பறித்தாள். குழந்தை வீறிட்டது.

"என்ன புள்ள, பைத்தியமா? காச்சின தண்ணிதானே!"

"அதனாலதான் பறிச்சேன். காச்சினதுதான் மோசம்."

அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். லாபிர் அன்றைக்குப் பகிடி விடவில்லை. நாக்கால் தன் பற்களைத் தடவிப் பார்த்தார். பிறகு புளோரைட்டு வடிகட்டிய பில்டர் தண்ணீர் வாங்கக் கிளம்பினார்.

சில வாரங்களில் அம்றாவின் புதுப்பல் வந்தது. சுண்ணாம்பு தேய்த்தது போல் வெள்ளைக் கீறல்கள், ஓரத்தில் ஒரு பழுப்புப் புள்ளி. பிள்ளை கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள். யாரிடமும் வாயைத் திறந்து காட்டவில்லை.

சாப்பிடும்போது அவளைத் தேற்ற லாபிர் ஏதோ பகிடி சொன்னார். அம்றா கலகலவென்று சிரிக்கத் தொடங்கினாள். பாதிச் சிரிப்பில் அவளுடைய கை வாயைப் பொத்தியது. ஜுனைதா அந்தச் சின்னக் கையைப் பிடித்து மெல்ல இறக்கிவிட்டாள். அது மறுபடியும் மேலே போனது.