பேரு சரி, ஸ்பெல்லிங்?

பிறப்புச் சான்றிதழ் கவுண்டரில் இருப்பவளுக்குப் பிள்ளை பிறந்த மிட்டாய் எப்போதாவது வரும். பிள்ளைக்கு என்ன பேர் என்கிற சண்டை தினமும் வரும்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம் ஒரு பேரூராட்சி அலுவலகத்தில் ஒன்பது வருஷமாக நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். பிறந்த நாள், நேரம், அப்பா அம்மா விவரம் எல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்தே வந்துவிடும். பேருக்கான கட்டம் மட்டும் காலியாக இருக்கும். அதை நிரப்பத்தான் என்னிடம் வருவார்கள். ஒருமுறை ஏற்றிவிட்டால் பேரை மாற்ற முடியாது. அதனால் தமிழில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை, ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டி ஒரு தடவை என்று கேட்டுவிட்டுத்தான் பதிவு செய்வேன். படிவத்தில் இல்லாத கேள்வி ஒன்றும் கேட்பேன்: "ஏன் இந்தப் பேரு?" அது என் சொந்த ஆர்வக்கோளாறு. சொந்தப் பேரை ஊரெல்லாம் எழுத்துக்கூட்டிச் சொல்லி அலுத்துப்போனவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று உங்களுக்கும் தெரியட்டும்.

நிலாவும் மீனும்

தமிழ் வாத்தியார் ஒருவர் மகளுக்கு 'மதி' என்று பேர் வைக்க வந்தார். மனைவிக்குச் சொந்த ஊர் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளும், துணைக்கு அவளுடைய அண்ணனும் வந்திருந்தார்கள். மதி என்றால் நிலா, மதி என்றால் அறிவு என்று வாத்தியார் எனக்குப் பாடமே நடத்தினார். அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க ஊருல மதின்னா போதும்னு அர்த்தம். சோறு உண்ணும்போ மதி மதின்னா, பிள்ளையக் கூப்பிடுதோமா, நிறுத்தச் சொல்லுதோமா?" என்றார்.

நான் MATHI என்று அடித்துக் காட்டினேன். அண்ணன் ஸ்கிரீனை எட்டிப் பார்த்து, "இத மத்தின்னும் வாசிக்கலாம்" என்றார். நாங்கள் சாளை என்று சொல்லும் மீனுக்கு அவர்கள் ஊரில் மத்தி என்று பேர். வாத்தியாரின் முகம் வாடிவிட்டது. அதுவரை வாயே திறக்காத மனைவி, பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்: "மதின்னே எழுதுங்க மேடம். எனக்கு ரெண்டு அர்த்தமும் சம்மதம். இது மூணாவது பிள்ளையாக்கும்."

சத்தம் போடாத எழுத்துகள்

துபாயில் வேலை பார்க்கும் ஒருவர், லீவு முடிவதற்குள் வேலையை முடிக்க அவசரமாக வந்தார். பிள்ளையின் பேர் தியா. நியூமராலஜி பார்த்து எழுதி வாங்கிய தாளை நீட்டினார். அதில் DHHIYYAAA என்று இருந்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு எண்ணி அடித்தேன். இதை எப்படி வாசிக்க வேண்டும் என்று கேட்டதற்கு, "தியான்னுதான். மத்ததெல்லாம் சைலன்ட்" என்றார். பின் மேஜையில் இருக்கும் ஜெபராஜ் சார் எழுந்து வந்து, ஸ்கிரீனில் விரலை வைத்து எண்ணிப் பார்த்தார். துபாய்க்காரர் வெளியே போகும்வரை காத்திருந்து என்னிடம் சொன்னார்: "நம்ம ஆபீஸ் போலத்தான் இருக்கு. வேலை பாக்குத எழுத்து நாலு, சும்மா இருக்குத எழுத்து அஞ்சு."

வாசலில் எழுதுவது

முந்திரி ஆலையில் வேலை பார்க்கும் ஒரு பெண், முதல் பிள்ளைக்குப் பேர் பதிய வந்தாள். 'நல்வரவு' என்று எழுதச் சொன்னாள். ஆட்டோ ஓட்டும் கணவர் என்னைப் பார்த்து, நீங்களாவது சொல்லுங்கள் என்பதுபோல நின்றார். "கல்யாண மண்டபத்து வாசல்ல எழுதி வைக்கதுல்லா அது? மிதியடியிலயும் இருக்கும்" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்வார்களே என்று மெதுவாகச் சொன்னேன்.

"என்னையுந்தான் களியாக்கினாங்க" என்று அவள் தன் ஆதார் அட்டையைத் தள்ளினாள். போதுமணி என்று இருந்தது. வீட்டில் நாலாவது பெண். வருகைப் பதிவெடுக்கும்போது டீச்சர் பேரைச் சொன்னதும் பின் பெஞ்சில் இருப்பவர்கள் "போதும் டீச்சர், போதும்" என்பார்களாம். பத்தாம் வகுப்பு முடிகிறவரை அது ஓயவில்லையாம். கணவருக்கு இது புதுச் செய்தி என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அவர் தானாகவே குனிந்து, நல்வரவுக்கான இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்கு வச்சப்போ இனி பொம்பளப்பிள்ளை வரண்டாம்னு வச்சாங்க மேடம். இவ வந்தது எங்களுக்கு வேணும்னுதான். அத எல்லாரும் வாசிக்கட்டும்."

ஒரு எழுத்து குறைந்தால்

தேங்காய்ப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர் விசைப்படகில் போகிறவர். மகளுக்கு 'ஆழி' என்று வைக்க ஆசை. "கடல்தான் எங்களுக்குச் சோறு போடுது" என்றார். மனைவி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவளுடைய அண்ணன் ஒரு புயலில் போனவன், திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. "அந்தப் பேர எப்படி எம்வாயால கூப்பிடுவேன்?" என்றவள், சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னும் நாள் இருக்கிறது, பேசி முடிவெடுத்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

நாலைந்து மாதம் கழித்து அவள் மட்டும் பிள்ளையோடு வந்தாள். கணவன் கடலுக்குப் போயிருந்தார். அவர் கையெழுத்துப் போட்ட படிவத்தில் பேருக்கான இடம் காலி. அங்கே அவளே தன் கையால் 'ஆழி' என்று எழுதினாள். நான் AZHI என்று அடித்து ஸ்கிரீனைத் திருப்பினேன். அவள் வாய்க்குள் வாசித்துப் பார்த்துவிட்டு, "இது அழின்னுல்லா இருக்கு" என்றாள். மூன்று தடவை சரிபார்க்கிற எனக்குப் படாதது அவளுக்குப் பட்டுவிட்டது. முன்னால் இன்னொரு A சேர்த்தேன். அதையும் வாசித்துப் பார்த்துத் தலையசைத்தாள்.

பதிவு செய்துவிட்டு, கேட்கலாமா கூடாதா என்று தயங்கி, கடைசியில் கேட்டேவிட்டேன், மனசு எப்படி மாறியது என்று. பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "அண்ணனுக்குக் கல்லறை கெடையாது மேடம். அவன் கெடக்குத எடத்துக்கு இந்தப் பேரு ஒண்ணுதான் எங்ககிட்ட உண்டு."

பேரைத் தேர்ந்தெடுப்பது அப்பா அம்மா, அடிப்பது நான், ஆனால் இனி ஒவ்வொரு கவுண்டரிலும் நின்று அதை எழுத்துக்கூட்டிச் சொல்லப்போகிற ஆள் மட்டும் இத்தனை பேச்சும் நடக்கும்போது யாருடைய தோளிலாவது வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருக்கும்.