சூளைக்காரர் பூசிய ஜாடி

எங்க அப்பா ஸ்ரீமுஷ்ணத்துல வாத்தியார். "சூளையில வேகறவனுக்கு என் பொண்ணா?"ன்னு சொல்லிட்டுக் கல்யாணத்துக்கே வராத மனுஷர். ரெண்டு வருஷம் கழிச்சு, கிறிஸ்மஸுக்கு வரேன்னு கார்டு போட்டார். அதுவும் என் பேருக்கு மட்டும்.

விருத்தாசலத்துல பீங்கான் சூளை எரிக்கிற என் வூட்டுக்காரருக்குத் தலைகால் புரியல. மாமனார் தன்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டா போதும் அவருக்கு. மதுவிலக்கை எடுத்திருந்த சமயம் அது. கொல்லைப் பந்தல்ல பழுத்த திராட்சையில ஒயின் போட்டே தீருவேன்னு நின்னார்.

போடட்டும். எங்கம்மா மாதிரி சக்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்தா என்ன? கூடாதாம். "சக்கரை போட்டா சக்கரைதான் ருசிக்கும். நம்ம மண்ணோட ருசி வர வேணாமா?" அந்தக் கொடிக்கு யூரியாவைக் கண்ணுல காட்டினதில்ல, சாணியும் வேப்பம் புண்ணாக்கும்தான். பழத்தைக் கழுவப் போனேன், கையைப் புடிச்சிக்கிட்டார். தோல் மேல இருக்கிற வெள்ளைப் பூச்சுதான் பொங்க வைக்குமாம். எனக்கு ஒரு நாளும் குடுக்காத மரியாதையை அந்தப் பழத்துக்குக் குடுத்தார்.

மசிச்சு, பெரிய ஊறுகாய் ஜாடியில போட்டு, துணி கட்டி வெச்சோம். தானாவே பொங்குச்சு. பத்து நாள் கழிச்சு வடிகட்டித் திரும்ப ஊத்தினார். அங்கதான் வந்தது வினை. "காத்துப் பட்டா புளிச்சிடும்"னு மூடியைக் கம்பி போட்டு இறுக்கி, சூளை வாசலை அடைக்கிற மாதிரி சுத்திலும் களிமண் பூசிட்டார்.

"உள்ள இன்னும் குறுகுறுன்னு சத்தம் கேக்குதுங்க"ன்னேன்.

"நான் பூசுனா பொட்டுக் காத்து வெளிய போகாது"ன்னார் பெருமையா. அதைத்தானே நானும் சொல்றேன்! மண்ணு வெடிப்பு விட்டா, ஷிப்டு முடிஞ்சு வந்து ஈரமண் வெச்சு அடைப்பார்.

கிறிஸ்மஸ் அன்னிக்கு அப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோட வந்தார். எதிர்ல உக்காந்திருக்கிற மனுஷரை விட்டுட்டு, "அவர் எத்தனை மணிக்கு வேலைக்குப் போவார்?"னு என்கிட்ட கேட்டார். இவர் முகம் சுண்டிப் போச்சு. எனக்கே பாவமா இருந்துச்சு.

ஜாடியைத் தூக்கிட்டு வந்து அப்பா முன்னால வெச்சுக் கம்பியை அறுத்தார். டமார்! மூடி போய் ஓட்டுல அடிச்சுது. அப்பா தலையிலேர்ந்து வேட்டி வரைக்கும் ஒரே செவப்பு நுரை. இப்படி நுரைக்க வெக்கிறதுக்குன்னே பிரான்சுல மெனக்கெடுறாங்க, அதுக்கு ஷாம்பேன்னு பேருன்னு பின்னாடிதான் கேள்விப்பட்டேன். அன்னிக்கு எனக்கு உசுரே போயிடுச்சு.

அப்பா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். மீசையை நக்கிப் பார்த்தார். இன்னொரு தரம் நக்கினார். அப்புறம் என்னைப் பார்க்கல, இவரைப் பார்த்தார்.

"உள்ள ஏதாவது மிச்சம் இருக்குதுங்களா, மாப்ள?"

வாய் ஓயாத என் வூட்டுக்காரர் அழுதுட்டார். நான்தான் ஜாடியை எட்டிப் பார்த்து, ரெண்டு டம்ளர் தேறும்னு சொன்னேன்.