ஏரிக்கரையில் வைக்காத கல்

விழுப்புரத்திலிருந்து காலை ஐந்தரை மணி பாசஞ்சரில் கிளம்பினேன். தாம்பரம் வரை நூற்று முப்பது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் இருபத்திரண்டு ரூபாய். தொண்ணூறுகளின் நடுவில், பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்று. ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. எங்கள் வாய்க்கால் ஓரத் தெருவின் குடிசைகளை எடுத்துவிட்டு, அதே இடத்தில் கான்கிரீட் வீடு கட்டித் தரப்போவதாகச் சேதி வந்திருந்தது. குடியிருக்கும் மக்களையும் கலந்துகொண்டுதான் எல்லாம் நடக்குமாம். தாம்பரம் பக்கத்தில் ஓர் ஏரிக்கரையில் இதே வேலை நடப்பதாகக் கேள்விப்பட்டு, பார்த்துவிட்டு வந்து சொல் என்று தெருக்காரர்கள் என்னை அனுப்பினார்கள். நான் பள்ளிக்கூடத்தில் எழுத்தர். கேட்டதைத் தப்பில்லாமல் எழுதி வருவேன் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

ஒன்பதேகாலுக்குத் தாம்பரம். கிழக்குப் பக்கம் இறங்கினால் மின்சார ரயிலுக்கு ஓடுகிறவர்கள் என்னைத் தள்ளிக்கொண்டே போனார்கள். வெளியே ஆட்டோக்காரர் இருபத்தைந்து ரூபாய் கேட்டார். மீட்டர் என்ன ஆயிற்று என்றேன்.

"மீட்டரு சொம்மாதான் கீது சார். கேம்ப் ரோடு தாண்டி மாடம்பாக்கம் ரோட்ல போணும். திரும்பி வரசொல்ல சவாரி கெடைக்காது."

பேரம் படிந்து இருபது ரூபாய்க்கு ஏறினேன். சேலையூர் வரை இரண்டு பக்கமும் புதுக் கட்டடங்கள், ஜல்லிக் குவியல், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை முன்னும் பின்னும் வைத்துக்கொண்டு போகும் ஸ்கூட்டர்கள். எதற்காகப் போகிறேன் என்று சொன்னதும் அவர் திரும்பிப் பார்த்தார்.

"அங்க எல்லாருக்கும் வூடு வருது சார். ஒரே ஒரு அக்காவுக்கு மட்டும் இல்லியாம். கணக்கு குட்தது அந்தத் தெரு ஜனங்கதானாம். இன்னா பேஜாரோ போ."

பத்து மணிக்குக் கரையில் நின்றேன். ஒரே வரிசையில் நாற்பத்திரண்டு வீடுகள். ஒவ்வொரு கதவிலும் மஞ்சள் பெயின்டில் எண். பத்தொன்பதுக்கும் இருபதுக்கும் நடுவில் நீலக் கதவு ஒன்றில் எதுவும் எழுதவில்லை. பூட்டியிருந்தது. அடுத்த வீட்டு வாசலில் மீன் அலசிக்கொண்டிருந்த அஞ்சலை என்பவரிடம் விசாரித்தேன். கட்டட வேலைக்குப் போகிறவர், அன்று வேலை இல்லை.

"அது ஸ்டெல்லா வூடு சார். பொத்தேரில காலேஜ் ஆஸ்டல்ல சமையலு. அஞ்சரைக்குத்தான் வரும்."

எண் ஏன் இல்லை என்றேன்.  அஞ்சலை மீனை அலசிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

மாசி மாதம் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு, வீடு கட்டித் தரும் அலுவலகத்துக்காரர்கள் வந்தார்களாம். தெருவை நீங்களே வரையுங்கள், நீங்கள் சொல்வதுதான் கணக்கு என்றார்களாம். சுண்ணாம்புப் பொடியால் தரையில் தெரு வரையப்பட்டது. வீட்டுக்கு ஒருவர் வந்து, வீட்டுக்காரர் பெயரை உரக்கச் சொல்லி, ஒரு கல்லை வைக்க வேண்டும். எல்லோரும் சிரித்துக்கொண்டே வைத்தார்கள். தன் வீட்டுக்குத் தானே கல் வைப்பது கடைக்கால் போடுகிற மாதிரி, நல்ல சகுனம். அன்றைக்குப் பூட்டியிருந்தது ஸ்டெல்லா வீடு ஒன்றுதான்.

"அது பேரச் சொல்லி நீயே ஒரு கல்லு வையும்மான்னாரு அந்த சாரு. எப்டி சார் வெப்பேன்? ஆளு இல்லாதப்போ அடுத்தவங்க பேரு சொல்லி கல்லு வெக்கிறது கருமாதிக்குத்தானே? எம் புருசனுக்கு அப்டித்தான் வெச்சாங்க. ரெண்டு பொண்ணு வெச்சினு கீது அது. உசுரோட கீறவளுக்கு எங்கையால கல்லு வெக்க மாட்டேன்னுட்டேன். இங்க ஒருத்தரும் வெக்கல."

அப்படியானால் நாளைக்கு அவரே வந்து வைக்கட்டும் என்று சொல்லிவிட்டு, தரையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் ஸ்டெல்லா லீவு போட்டு, கையில் கல்லோடு பொழுது சாயும்வரை காத்திருந்தாராம். யாரும் வரவில்லை.

இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

இரண்டரை மணிக்கு, கரையின் கோடியில் தகரக் கொட்டகையில் இருந்த அதிகாரியைப் பார்த்தேன். மரியாதை தெரிந்தவர். எனக்கு டீ வாங்கித் தந்தார். சுவரில் அந்தப் போட்டோ பெரிதாக்கி மாட்டியிருந்தது. கீழே, 'மக்களே தயாரித்த பட்டியல்'. கற்களை எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்று. ஒரு வீடு கண்ணுக்கு முன்னால் நிற்கிறதே என்றேன்.

"நாங்க எடுத்த லிஸ்ட்னா திருத்திடலாம் சார். இது பப்ளிக்கே போட்டது. பக்கத்து வீட்டுக்காரங்களே அது வீடுன்னு கல்லு வைக்கல. இப்ப சேர்த்தா, வெளியாளைச் சேர்த்துட்டோம்னு மேல கேப்பாங்க."

கல் வைக்காத காரணத்தைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். "அட, அப்படியா" என்றார். பிறகு பட்டியல் போய் மூன்று வாரம் ஆகிறது, அடுத்த திங்கள்கிழமை இடிக்கிறோம் என்றார். டீ ஆறிப்போயிருந்தது. குடிக்காமல் எழுந்து வந்தேன்.

ஐந்தே முக்காலுக்கு ஸ்டெல்லா வந்தார். பொத்தேரியிலிருந்து தாம்பரம் ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. புடவையில் சாம்பார் வாசனை போகவில்லை. சேலையூர் பள்ளியில் எட்டாவதும் ஆறாவதும் படிக்கும் இரண்டு பெண்களும் கூடவே வந்தார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். இது நான்காவது மனு என்றார். திங்கள்கிழமைக்குப் பிறகு எங்கே போவீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஆஸ்டல்ல நான் மட்டும் தங்கிக்கலாம்னு சொல்றாங்க சார். பிள்ளைங்களைச் சேக்க மாட்டாங்களாம். இவங்கள எங்க விடுறதுன்னுதான் தெரியல."

அஞ்சலை குழம்புச் சட்டியோடு வந்து, பெண்களுக்குச் சோறு போட்டுக் கொடுத்தார். ஸ்டெல்லா அவரை ஒரு வார்த்தையும் கடிந்துகொள்ளவில்லை. சட்டியை வாங்கி வைத்துவிட்டு, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"நாங்க வேதக்காரங்க அக்கா. எங்களுக்கு ஏது கருமாதி, ஏது கல்லு? நீ வெச்சிருக்கலாம்."

அஞ்சலை சின்னவளுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டார். பதினாறு வருஷம் அடுத்தடுத்த வீட்டில் இருந்தவர்கள். கிறிஸ்துமஸ் கேக்கும் பொங்கலும் கைமாறாத வருஷமே இல்லை. அது அஞ்சலைக்குத் தெரியாததா? கல்லைக் கையில் கொடுத்துப் பெயரைச் சொல் என்றபோது, நினைவுக்கு வந்தது தன் புருஷனுக்கு வைத்த கல் மட்டும்தான். என்னை அங்கே நிறுத்தியிருந்தாலும் கருமாதிக் கல்தான் நினைவுக்கு வந்திருக்கும். அதை எங்கே எழுதிக்கொள்வது என்று தெரியாமல் நோட்டை மூடினேன்.

இரவு வண்டியில் ஊர் திரும்பினேன். பார்த்ததைத் தெருக்கூட்டத்தில் சொன்னேன். உச்சுக் கொட்டினார்கள்.

வைகாசியில் எங்கள் வாய்க்கால் ஓரத்துக்கும் சுண்ணாம்புப் பொடி வந்தது. கல் வேண்டாம், புளியங்கொட்டை வைக்கலாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். போட்டோவில் தெரியாது என்றுவிட்டார்கள். எதிர்வீட்டுக் கதிரேசன் லாரியோடு நாக்பூர் போயிருந்தார். அவர் மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தார். தெருவே என்னைப் பார்த்தது. நான் கதிரேசன் என்று உரக்கச் சொல்லி அவர் வீட்டுக்கு ஒரு கல் வைத்தேன். அவர் பெயருக்கு நான் கல் வைத்த சேதி, அவர் மனைவியின் தாய்வீடு வரைக்கும் போயிற்று.

இப்போது கதிரேசனுக்கு முதல் மாடியில் வீடு, எனக்கு நேர் எதிரே. குழந்தைக்குப் பெயர் வைக்க எல்லா வீட்டையும் அழைத்தார்கள். என் வீட்டுக்கு மட்டும் அழைப்பு வரவில்லை. கதிரேசன் லாரி எடுத்துப் போகிற நாளெல்லாம், நான் வாசலில் நின்றால், உள்ளே போகும்வரை அவர் மனைவி கதவைத் திறப்பதில்லை.