பதிவில் ஒன்றுமில்லை

மெல்போர்னில் நான் உதவியாளராக வேலை பார்க்கும் தொடக்கப் பள்ளியில், ஒரு குழந்தை விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டால் ஓடிப்போய்த் தூக்கிவிடக் கூடாது. பக்கத்தில் மண்டியிட்டு, "உன் காலைப் பார்க்கலாமா?" என்று முதலில் கேட்க வேண்டும். இன்னொரு பெரியவரின் பார்வை எங்கள் மேல் இருக்க வேண்டும். அறைக்குள் என்றால் கதவு திறந்திருக்க வேண்டும். மூக்கு ஒழுக அழுதுகொண்டே அந்தப் பிள்ளை எனக்கு அனுமதி தரலாமா என்று யோசிக்கும். சேர்ந்த புதிதில் ஒரு சிறுமி வேண்டாமென்று தலையாட்டினாள். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு ரத்தம் கசிவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊர் தேவாரத்தில், தெருவில் விழுந்த பிள்ளையை யார் தூக்கினாலும் ஏனென்று ஒருவரும் கேட்டதில்லை. அன்று எனக்கு இந்த நாட்டின் மேல் கோபம் வந்தது.

கோபம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. குழந்தைகளோடு வேலை செய்யத் தகுதியானவள் என்று இங்கே ஓர் அட்டை வாங்க வேண்டும். அதற்கு என் பழைய முகவரிகளையெல்லாம் துருவினார்கள். போதாதென்று இந்தியாவிலிருந்து போலீஸ் சான்றும் கேட்டது பள்ளி. தேவாரத்தில் ஒரு காவலர் எங்கள் வீட்டுக்கே வந்து விசாரித்துவிட்டுப் போக, அப்பா போனில் கொதித்தார். "எம்மக களவாண்டாளா, கஞ்சா வித்தாளான்னு கேக்குறாக. பக்கத்து வீட்டுலயும் கேட்டாகளாம். புள்ளைகளுக்கு மூக்குத் தொடைக்கிற வேலைக்கு இம்புட்டு அவமானமா?" ஒருவழியாகச் சான்று வந்தது. என் பெயரில் பாதகமான பதிவு எதுவும் இல்லை.

அதைக் கொடுக்கப் போனபோது துணைத் தலைமையாசிரியை ஹெலன், "உங்கள் ஊர்ப் பள்ளிகளில் ஆட்களை எப்படிச் சரிபார்ப்பார்கள்?" என்று கேட்டார். என் அரைகுறை ஆங்கிலத்தில், "அங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்" என்றேன். ஹெலன் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "எவ்வளவு அழகு! நாங்கள் தொலைத்தது அதைத்தான்." நான் சொல்ல வந்தது அதுவல்ல. அதை விளக்கும் ஆங்கிலமும் என்னிடம் இல்லை.

ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஈஸ்வரி. கபடியில் அவள் பிடியில் சிக்கினால் தப்ப முடியாது. மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தாள். விளையாட்டு ஆசிரியரை நாங்கள் பி.டி. சார் என்போம். ஒருநாள் சாயங்காலம் பயிற்சி முடிந்ததும், பந்துகள் வைக்கும் அறைக்கு அவளை மட்டும் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வெளியே வந்தவள் குழாயடியில் நின்று கைகளைக் கழுவிக்கொண்டே இருந்தாள். பிறகு என்னிடம் சொன்னாள். மறுநாள் இருவரும் தலைமையாசிரியையிடம் போனோம். "வெளிய சொல்லிராதீங்கடி. பொம்பளப் பிள்ளைக்குத்தான் கேவலம்" என்றார் அவர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். ஈஸ்வரியின் அப்பா வந்து அவளைக் கையோடு கூட்டிப்போனார். அதோடு அவள் படிப்பு முடிந்தது. அடுத்த வருடமே கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். பி.டி. சாருக்கு வேறு பள்ளிக்கு மாறுதல் கிடைத்தது. காலை வழிபாட்டில் அவருக்கு மாலை போட்டு, எங்களைக் கைதட்டச் சொன்னார்கள். ஆசிரியர்களுக்குத் தெரியும். பஜாரில் தெரியும். எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

உத்தமபாளையம் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் தங்கை கலா, போன வருடம் ஒரு படம் அனுப்பினாள். அவள் மகள் யாழினி, தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு, ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்துக் கோப்பையோடு நிற்கிறாள். அவள் தோளில் கைவைத்து, கழுத்தில் விசிலோடு, முடி நரைத்த பி.டி. சார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று அந்தத் தனியார் பள்ளியில் சேர்ந்திருக்கிறார். அந்தக் காலத்தில் கலா சின்னப் பிள்ளை; உடனே அவளைப் போனில் கூப்பிட்டு எல்லாம் சொன்னேன். அவள் பதறியடித்துத் தாளாளரிடம் போனாள். "போலீஸ் சர்ட்டிபிகேட் இல்லாம நாங்க வாட்ச்மேனக்கூடச் சேக்குறதில்லம்மா. சார் மேல ஒரு கேஸ் கெடையாது" என்று அவர் காகிதத்தைக் காட்டினாராம். "சுத்தமா இருக்காம்க்கா" என்றாள் கலா. எனக்குக் கொடுத்த அதே சான்று. சர்க்காரின் கண்ணில் அவரும் நானும் ஒரே தராதரம்.

ஈஸ்வரி இப்போது ஓடைப்பட்டியில் இருக்கிறாள். திராட்சைத் தோட்டங்களுக்கு ஆள் கூட்டிப்போகும் வேலை. அவளுக்கும் போனில் சொன்னேன். "அங்கன எத்தன பொம்பளப் பிள்ளைக படிக்குதுக?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் பஸ் ஏறி அந்தப் பள்ளிக்குப் போய், தாளாளர் அறைக்கு பி.டி. சாரை வரவழைத்து முன்னால் நின்றிருக்கிறாள்.

"என்னையத் தெரியுதா சார்?"

"எங்கிட்ட எத்தனையோ பிள்ளைக படிச்சிருக்கும்மா."

"நான் படிக்கலையே சார். நீங்கதான் படிக்க விடலையே."

அங்கிருந்து நேராக மகளிர் காவல் நிலையம். "இத்தன வருசமா எங்கம்மா இருந்தீக?" என்று கேட்டிருக்கிறார்கள். "ஒம்பதாப்புல சொன்னேன், ஒருத்தரும் எழுதல. இப்ப எழுதிக்கங்க" என்றாளாம். சாட்சி யாரென்று கேட்டதற்கு என் பெயரைச் சொன்னாள். நான் இங்கிருந்து வாக்குமூலம் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினேன். மனுவுக்கு ரசீது கொடுத்தார்கள். அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அதற்கு மேல் நகரவில்லை. உடல்நிலை சரியில்லையென்று பள்ளி அவரைச் சால்வை போர்த்தி அனுப்பிவைத்தது. போடிப் பக்கம் இன்னொரு பள்ளி அவரைச் சேர்த்துக்கொண்டதாகக் கேள்வி. அவரிடம்தான் சான்று இருக்கிறதே. கலா மகளை வேறு பள்ளிக்கு மாற்றினாள். என்னோடு பேசுவதையும் குறைத்துக்கொண்டாள். "எம்பிள்ளைக்கும் ஏதோ ஆயிப்போச்சோன்னு ஒரு மாதிரி பாக்குறாகக்கா. ஒனக்கென்ன, பேசிட்டுப் போனை வச்சிருவ. இங்கன இருக்கப்போறது நாங்கதானே."

ஈஸ்வரி மட்டும் தளரவில்லை. "இனி எங்கன போனாலும் அவன் பேரோட எம்பேரும் சேந்து வரும்ல?" என்றாள். மனு வழக்காகப் பதிவாகாதவரை எந்தச் சான்றிலும் வராது என்று நான் சொன்னேன். "அப்ப ஆகுற வரைக்கும் போறேன்த்தா. ஸ்டேசன் எங்கிட்டும் ஓடிறாதுல்ல" என்றாள். இன்றும் போய்க்கொண்டுதான் இருக்கிறாள்.

இந்த விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, கலாவுக்குக் காய்ச்சலென்று யாழினியைக் கூட்டிவரப் புதுப் பள்ளிக்கு நான் போனேன். காவலாளி என்னைப் பார்த்ததும் வாசலை அகலத் திறந்தார். "தேவாரத்து அக்காதானே? கலா ஜாடை அப்பிடியே இருக்கே. வாங்க, வாங்க." பேர் கேட்கவில்லை. யாருக்கும் போன் போடவில்லை. முகத்தை வைத்தே என்னை இன்னாரென்று ஒருவர் சொல்லி எத்தனை காலமாயிற்று! தெரிந்த முகமென்றால் யாருக்கும் இந்த வாசல் இப்படித்தான் திறக்கும் என்பதும் அதே நொடியில் உறைத்தது.

"நான் யாருன்னு நீங்க கேக்கலையேண்ணே" என்றேன்.

அவர் முகம் சுண்டிவிட்டது. "ஒங்களப் போயி கேப்பேனா தாயி?"

யாழினி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த மனிதருக்கு நன்றி சொல்வதா, அவரைச் சத்தம் போடுவதா என்று தெரியாமல், ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்றேன். எனக்குப் பின்னால் வாசல் திறந்தே கிடந்தது.