கிள்ளானில் சோதித்த கீபோர்டு

எண்பதுகளின் கடைசியில் பிரிக்பீல்ட்ஸில் யார் கீபோர்டு வாங்கினாலும் என்னையும் இழுத்துக்கொண்டு போவார்கள். கல்யாண மேடைகளில் வாசித்துப் பிழைத்தவன் நான். கடைக்காரர்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. எத்தனை பட்டன் பாருங்கள் என்று அவர்கள் பெருமையடிக்க, எனக்கு எரிச்சல் வரும். பாடுபவர் திடீரென்று சுருதியை மாற்றினால், பார்க்காமலே கைக்கு எட்டுகிற பட்டன்தான் பட்டன். சத்தத்துக்கு ஒரே சோதனை, அதில் வரும் தபேலா. தகர டப்பாவைத் தட்டுவதுபோல் கேட்டால் எழுந்துவிடுவேன்.

அந்தக் காலத்துக் கீபோர்டில் இடது கையால் மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் போதும். அதைக் கார்ட் என்போம். தாளமும் பேஸும் தானாகச் சேர்ந்துகொள்ளும். கையை எடுத்தாலும் அதே கார்டிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அடுத்த கார்டுக்குப் போக மனிதக் கை வேண்டும்.

செலாயாங்கில் புதிதாக இசைக்குழு தொடங்கிய நண்பன் ஒரு மத்தியானம், விலைக்கு வந்த பழைய கீபோர்டு ஒன்றைப் பார்க்க என்னைக் கிள்ளானுக்குக் கூட்டிப்போனான். கீபோர்டுக்குச் சொந்தக்காரர் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. விற்பது அவர் மனைவி. கணவர் வாசிக்க, மேடையில் பாடியவர் இவர். இப்போது பாடுவதையே நிறுத்திவிட்டாராம்.

வாசலிலேயே அந்த அம்மா பிடித்துக்கொண்டார்.

"வாங்குறதெல்லாம் அப்புறம் லா அண்ணே. இது மெஷின் கோளாறா, என் மண்டக் கோளாறா, அத மட்டும் பார்த்துச் சொல்லுங்க. ஆன் பண்ணிட்டு லேசா முணுமுணுத்தாலும் அது கூடவே வருது. அதுலருந்து வாயத் திறக்கவே பயமா இருக்கு."

உட்கார்ந்தேன். முக்கியமான பட்டன்களில் அவர் கணவர் பிளாஸ்டர் துண்டு ஒட்டியிருந்தார். விரல் தானாகப் போய் நின்றது. தபேலாவில் தோலின் சத்தம் கேட்டது. நண்பன் பூரித்துப்போனான். பாட்டு ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று தேடினேன், காலி. ஒரு கார்ட் பிடித்துக் கையை எடுத்தேன். தாளம் அதிலேயே சுற்றியது.

"ஒன்னுமில்லக்கா. பாடிப் பாருங்க," என்றேன்.

சமையலறை வாசலில் நின்றபடி, உதடு பிரியாத மாதிரி ஒரு வரி பாடினார். வரி முடிகிற இடத்தில் கார்ட் மாறியது.

என் இரண்டு கைகளும் என் முழங்காலில் இருந்தன.

பழுதான மெஷின் கன்னாபின்னாவென்று கார்ட் மாற்றுவதைப் பார்த்திருக்கிறேன். இதுவும் அப்படித்தான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். அந்த அம்மா அடுத்த வரியின் கடைசி எழுத்தை வேண்டுமென்றே இழுத்தார். மூச்சு முட்டும்வரை இழுத்தார். கார்ட் மாறவில்லை. அவர் விட்டு மூச்சு வாங்கிய பிறகே மாறியது.

நண்பன் எழுந்து வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டான்.

"மெஷின் கோளாறா அண்ணே?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் நிம்மதியாகத் தூக்கிப் போட்டிருப்பார்.

"மெஷின் நல்லாத்தான் இருக்குக்கா. உங்களுக்கும் ஒன்னுமில்ல."

அவர் கூடத்துக்கு வந்து, கீபோர்டுக்குப் பக்கத்தில் நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து தொடங்கினார். இந்தத் தடவை வாயைத் திறந்து பாடினார். நான் ஓசைப்படாமல் எழுந்து வெளியே வந்தேன். கேட்டைத் தாண்டும்வரை குரலும் தாளமும் ஒன்றாகக் கேட்டன.

காரில் பாதி வழி வந்தபிறகு நண்பன் கேட்டான்.

"நல்ல சவுண்டு. வாங்கியிருக்கலாமோ?"

"எப்படி லா வாங்குறது?" என்றேன். "அதுல ஆள் இருக்கு."