நான் அழித்த அம்புக்குறி

பழிவாங்குவது தப்பு என்று சொல்கிறவர்களை நான் மதிக்கிறேன். அவர்கள் ராப்பகலாக வரைந்ததை யாரும் திருடியதில்லை போலிருக்கிறது.

போடிக்குப் பக்கத்தில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படித்தேன். மென்பொருள் பொறியியல் பாடத்தில், நிரல் எழுதுவதற்கு முன்னால் வேலை எப்படி நடக்கும் என்பதைக் கட்டங்களும் அம்புக்குறிகளுமாக வரைந்து காட்ட வேண்டும். காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் எங்களில் பலருக்குக் கட்டாது என்று, இலவசமாகக் கிடைக்கிற திறந்த மூல மென்பொருள் ஒன்றை சார் அறிமுகப்படுத்தினார். என் பழைய லேப்டாப்பில் அது திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். ஆனாலும் எனக்கு அதைப் பிடித்துப்போனது. அம்புக்குறியை மாற்றி இழுத்தால் சிவப்பாகக் காட்டிக் கண்டிக்கும், மனசில் எதையும் வைத்துக்கொள்ளாது.

எங்கள் வகுப்பில் ஏலக்காய் வியாபாரி மகன் ஒருவன் இருந்தான். அவனிடம் அப்பா வாங்கிக் கொடுத்த விலை உயர்ந்த மென்பொருள் இருந்தது. "ஓசி சாப்ட்வேர்ல வரைஞ்சா ஓசி மார்க்குதான் விழும்" என்று எங்களைக் கேலி செய்வான். முதல் பயிற்சிக்கு, மலையில் இருக்கிற குரங்கணிக்குப் போகும் ஜீப்புக்கு முன்பதிவு செய்யும் முறையை நான் வரைந்திருந்தேன். "கொண்டா, வெரசா பாத்துட்டுத் தர்றேன்" என்று வாங்கிப் போனவன், அதை அப்படியே தன் மென்பொருளில் கலர் கலராக வரைந்து, எனக்கு முந்தியே கொடுத்துவிட்டான்.

சார் என்னை எழுப்பி நிறுத்தினார். "ஏம்மா, அவனப் பாத்தா வரைஞ்ச?"

இல்லை என்றேன். யாரும் நம்பவில்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் பெயில்தான் என்றார். அவன் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் அழாமல் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த பயிற்சி, எங்கள் ஊர் ஏலக்காய் ஏலம். வெட்கமே இல்லாமல் மறுபடியும் வந்து நின்றான்.

"சும்மா ஒரு பார்வ பாத்துக்கிர்றேன்."

"தாராளமாப் பாரு" என்றேன்.

அவனுக்குக் கொடுத்த படத்தில் ஒரே ஒரு அம்புக்குறியை அழித்திருந்தேன். அதிக விலை கேட்டவருக்குச் சரக்கு போய்விடும் என்றுதான் ஏலத்தைப் பற்றி வெளியே நினைப்பார்கள். அப்படியில்லை. விலை பிடிக்காவிட்டால் தரமாட்டேன் என்று விவசாயி சொல்லலாம், சரக்கு அடுத்த ஏலத்துக்கு நிற்கும். எங்களுக்கு மலையில் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம் உண்டு. அப்பா அப்படிச் சொல்லிவிட்டு வருகிற நாட்களில் எங்கள் வீட்டில் யாரும் வாயைத் திறக்க மாட்டோம். அந்த அம்புக்குறி இல்லாததை மென்பொருள் கண்டுபிடிக்காது, அதற்குப் போடி தெரியாது. தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடும். அவன் வீட்டிலோ ஏலத்தில் வாங்கிய கதையை மட்டும்தான் பேசுவார்கள். அதை நம்பித்தான் அழித்தேன்.

அவன் படம் திரையில் விரிந்தது. கலருக்குக் குறைச்சலில்லை. சார் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"விலை பிடிக்கலேன்னா விவசாயி என்ன செய்வாரு?"

"குடுத்துத்தான் சார் ஆகணும். வேற வழி?"

வகுப்பில் பாதிப் பேர் தோட்டக்காரர் பிள்ளைகள். "எங்கப்பாகிட்ட வந்து சொல்லு மாப்ளே" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்த, சிரிப்பு அடங்க நேரமானது. அடுத்து என் படம் வந்தது, அழிக்காத அம்புக்குறியோடு. மற்றதெல்லாம் கட்டத்துக்குக் கட்டம் ஒன்றாக இருந்ததால், யாரைப் பார்த்து யார் வரைந்தது என்று சாருக்குப் புரிந்துவிட்டது. அவன் முகம் செத்துப்போனதை நான் ஆசைதீரப் பார்த்தேன்.

வகுப்பு முடிந்ததும் இருவரையும் நிறுத்தினார். "அன்னிக்கு உன்னத் தப்பா நெனச்சுட்டேம்மா" என்றார். அப்புறம் தயங்கிவிட்டு, "இவன் பெயிலாயிருவான். உன் படத்தையே ரெண்டு பேரும் சேந்து வரைஞ்சதா வச்சுக்கலாமா?" என்று கேட்டார்.

"வீட்டுக்குத் தெரிஞ்சா கொன்னுருவாங்க, ப்ளீஸ்" என்றான் அவன். கண் கலங்கியிருந்தது.

"இல்ல சார், எனக்குக் கட்டுப்படியாகாது" என்றேன்.

அவன் அந்தப் பாடத்தை மறு வருஷம் எழுதினான். சாரிடம் அப்படிச் சொன்ன அன்று ராத்திரி தூக்கம் வராமல் தவித்தேன் என்று எழுதினால் நல்ல பிள்ளை என்பீர்கள். நன்றாகத் தூங்கினேன்.